காவிரிப் படுகையில் பரப்பளவு கணித்தல்

காவிரிப் படுகையில் பரப்பளவு கணித்தல் என்பது, தஞ்சாவூரையும் அதனைச் சூழ்ந்த நெல் வயல் பகுதிகளையும் சார்ந்த நிலம், மனை, கட்டடம் ஆகியவற்றின் பரப்பை அளந்து எண்ணாகக் கூறும் முறைகளைக் குறிக்கும். கோல் கொண்டு குழிக் கணக்கில் அளந்த சோழர் காலம் முதல், கட்டடக்கலை வரைவு மென்பொருளில் ஒரு கட்டளையின் மூலம் விடை பெறும் இன்றைய காலம் வரை இம்முறைகள் தொடர்ந்து மாறி வந்துள்ளன. எனினும் எந்தக் கோடு வரை அளப்பது, எதனைக் கழிப்பது, எந்த அலகில் சொல்வது என்னும் மூன்று கேள்விகள் மாறவில்லை. மென்பொருள் தருகின்ற விடை சரியா தவறா என்பது பெரும்பாலும் இக்கேள்விகளுக்கு அதனைப் பயன்படுத்துபவர் அளிக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றது.

பழைய தஞ்சாவூர் மாவட்டம் இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம் (1991), திருவாரூர் (1997), மயிலாடுதுறை (2020) என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. இக்கட்டுரை இந்நான்கையும் ஒரே பகுதியாகக் கொள்கிறது. நில அளவைச் சொற்களைப் பொறுத்தவரை அவை இன்றும் ஒரே பகுதியே.

நில அலகுகள்

இப்பகுதியில் வழங்கும் அடிப்படை அலகு குழி ஆகும். 12 அடிக் கோலால் நான்கு புறமும் அளந்த சதுரமே ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இதன்படி ஒரு மா 14,400 சதுர அடியும், ஒரு வேலி 2,88,000 சதுர அடியும் ஆகும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஒரு வேலி ஏறத்தாழ 6.61 ஏக்கர். மெட்ரிக் அளவில் ஒரு குழி 13.38 சதுர மீட்டர், ஒரு மா 1,338 சதுர மீட்டர், ஒரு வேலி 2.68 ஹெக்டேர். மூன்று மா ஓர் ஏக்கர் என்று பேச்சு வழக்கில் சொல்வது தோராயமே. மூன்று மாவில் ஓர் ஏக்கருக்கு 360 சதுர அடி, அதாவது இரண்டரைக் குழி, குறையும்.

பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், கிரயப் பத்திரத்தில் சென்ட்டும் சதுர அடியும் எழுதப்பட்டாலும், வயலில் மாவும் குழியுமே இன்றும் பேசப்படுகின்றன. விளைச்சலை மாவுக்கு இத்தனை மூட்டை என்றே கூறுவர். குத்தகையும் மாக் கணக்கிலேயே பேசப்படுவதுண்டு. ஆகவே ஒரே வயலுக்கு மூன்று நான்கு எண்கள் வழங்குகின்றன. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரியாதவர் ஏமாறுவது எளிது.

வேறு பகுதிகளில் குழியின் அளவு வேறுபடும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதுபோலவே காணி என்னும் சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். சென்னைப் பகுதியில் 24 மனை கொண்டது, அதாவது 57,600 சதுர அடி, ஒரு காணி. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டிலோ காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. வேலியில் எண்பதில் ஒரு பங்கைக் காணி என்று கொண்டால் அது 3,600 சதுர அடி, அதாவது 25 குழி. பெயர் ஒன்று, பரப்பு பதினாறு மடங்கு வேறு.

மா என்பதும் அவ்வாறே ஒரு பின்னப் பெயர். இருபதில் ஒரு பங்கு மா. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. வேலியை ஒன்று எனக் கொண்டு ஏனைய பரப்புகளை அதன் பின்னங்களாகக் கூறுவதே பழைய முறை. இன்றைய மென்பொருள் சதுர மீட்டரை ஒன்று எனக் கொண்டு தசமப் புள்ளிக்குப் பின் எண்களை அடுக்குவதும் இதே செயலே.

கல்வெட்டுகளில் பரப்பளவு

முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014) காலத்தில், 1001 ஆம் ஆண்டளவில் சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086 இல் மீண்டும் அளக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் நிலக் கணக்கெடுப்பு நடத்தியதும் அதே ஆண்டு என்பது வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் ஒற்றுமையாகும். அளவைக்குப் பயன்பட்ட கோல் உலகளந்த கோல் எனப்பட்டது. இது பதினாறு சாண் நீளமுடையது. ஒரு சாணை 9 அங்குலமாகக் கொண்டால் இது சரியாக 12 அடி ஆகின்றது. ஆயினும் சோழர் காலத்தில் கோலின் நீளமும், ஒரு மாவுக்கு எத்தனை குழி என்பதும் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. எந்தக் கோலால் அளந்தது என்பதையும் கல்வெட்டுகள் சேர்த்தே எழுதுவதற்கு இதுவே காரணம். சில கோயில் சுவர்களில் கோலின் நீளம் கீறி வைக்கப்பட்டுள்ளது. ஐயம் எழுந்தால் அங்கு சென்று ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள் இவ்வகையில் மிகவும் பயனுள்ளவை. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் முதலில் அளந்தபடி மொத்த நிலம் கூறப்படும். பின்னர் வரி விதிக்கக் கூடாத இடங்கள் கழிக்கப்படும். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி என அக்காலத்தில் பெயரிட்டு வழங்கிய குடியிருப்புகள், சுடுகாடு ஆகியவை இவ்வாறு கழிக்கப்பட்டவை. இவற்றை நீக்கிய பின் எஞ்சிய நிலமே இறை கட்டும் நிலம். அதற்குரிய நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து இத்தனை கலம் எனக் குறிக்கப்படும். மொத்தப் பரப்பு, விலக்குப் பரப்பு, நிகரப் பரப்பு என்று இன்றைய கட்டட விதிகள் கூறும் மூன்று நிலைகளும் இங்கே அப்படியே உள்ளன.

இக்கல்வெட்டுகளில் வரும் பின்னங்கள் வியப்பூட்டுபவை. முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி, அதற்கும் கீழே இன்னொரு படி எனப் பரப்பு இறங்கிச் செல்கின்றது. சோழர் கால நில அளவையின் நுட்பத்துக்குச் சான்றாக, ஒரு வேலியை 5,242 கோடியே 88 இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டது என வரலாற்று நூல்கள் பலமுறை எடுத்துக் கூறியுள்ளன. இவ்வெண் தற்செயலானதன்று. 320 ஐ நான்கு முறை பெருக்கி, அதனை மீண்டும் ஐந்தால் பெருக்கினால் இதே எண் கிடைக்கும். தமிழ்ப் பின்ன வாய்பாட்டின் படிகளில் இறங்கி வந்தால் சென்று சேரும் எண் இது.

அப்பங்கின் உண்மைப் பரப்பு எவ்வளவு? ஒரு வேலி 26,756 சதுர மீட்டர் எனக் கொண்டால், அது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. ஒரு நெல்மணி மறைக்கும் இடத்தை விட மிகச் சிறியது. சேறும் வரப்புமான வயலில் எந்தக் கோலாலும் இதனை அளக்க இயலாது. எனவே இது அளந்து பெற்ற நுட்பமன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கியும் கழித்தும் வந்த கணக்கின் மீதி எனக் கொள்வதே பொருந்தும். கணக்கர்கள் மீதியைத் துறக்காமல் எழுதி வைத்தனர். அவர்களது நேர்மைக்கு அது சான்று. அளவையின் துல்லியத்துக்கு அதையே சான்றாகக் காட்டுவது மிகை. திரையில் எட்டுத் தசம இடங்களுடன் தோன்றும் பரப்பளவைக் கண்டு வியக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். நாடாவால் அரை அங்குலப் பிழையோடு அளந்த ஒரு மனையின் பரப்பில் எட்டாவது தசம இடத்துக்குப் பொருளேதும் இல்லை.

கோயிலின் வெளித் திருச்சுற்றையே எடுத்துக் கொண்டால், அது ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்ட, இரு சதுரங்கள் சேர்ந்த செவ்வகம். பரப்பு 28,800 சதுர மீட்டர். ஒரு வேலியை விடச் சற்றே அதிகம். வேலி என்பது எவ்வளவு பெரிது என்று அறிய விரும்புபவர் பெரிய கோயிலை ஒரு முறை வலம் வந்தால் போதும்.

புலப்படம்

ஆங்கிலேயர் ஆட்சியில் நில அளவைத் துறையினர் கோலுக்குப் பதிலாகச் சங்கிலியைப் பயன்படுத்தினர். எட்மண்ட் கன்டர் 1620 ஆம் ஆண்டளவில் வகுத்த இச்சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். அடிக் கணக்கில் பார்க்கும்போது 435.6 என முரணாகத் தோன்றும் சென்ட், கண்ணிக் கணக்கில் முழு எண்ணாக அமைவதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் வரையப்பட்டது. புலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அதன் வழியே நடந்து, இருபுறமும் உள்ள எல்லைப் புள்ளிகளுக்குச் செங்குத்துத் தூரம் அளப்பர். இதனால் வளைந்து நெளிந்த வயலும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிந்து விடுகின்றது. முக்கோணத்தின் பரப்பு அடியும் உயரமும் பெருக்கியதில் பாதி. சரிவகத்தின் பரப்பு இணைப் பக்கங்களின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்கியது. எல்லாவற்றையும் கூட்டினால் புலத்தின் பரப்பு. இன்று இப்படங்களின் அளவுகள் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் இதற்குத் தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் பயன்படுத்தப்படுகிறது. பொதுமக்கள் தம் புலப்படத்தை அரசின் இணையச் சேவை வழியாகப் பெற முடியும்.

நான்கு பக்கம் போதுமா

மனை விற்பனைப் பத்திரங்களில் எல்லைகளைக் கூறிய பின், கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, தென்வடல் கீழ்புறம் இத்தனை, மேல்புறம் இத்தனை என்று நான்கு அளவுகள் எழுதுவது வழக்கம். எதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்பும் குறிக்கப்படும். இம்முறையில் இரு குறைகள் உள்ளன.

முதலாவது, நான்கு பக்கங்கள் மட்டும் ஒரு நாற்கரத்தின் பரப்பைத் தீர்மானிப்பதில்லை. நான்கு குச்சிகளை முனைகளில் கட்டிச் செய்த சட்டத்தைச் சாய்த்தால் பக்கங்கள் மாறாமலே பரப்பு குறைவதைக் காணலாம். 40 அடியும் 60 அடியும் உள்ள செவ்வக மனை 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்ட். அதே பக்கங்களுடன் மூலைக் கோணம் 90 பாகைக்குப் பதில் 80 பாகையாக இருந்தால் பரப்பு 2,363.5 சதுர அடியே. பத்திரத்தில் எழுதிய நான்கு அளவுகளும் உண்மை. பரப்பு மட்டும் 36 சதுர அடி குறைவு. இதனைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவு போதும். செவ்வகத்தில் மூலைவிட்டம் 72 அடி 1 அங்குலம் இருக்க வேண்டும். சாய்ந்த மனையில் ஒரு மூலைவிட்டம் 66 அடி 1 அங்குலமாகச் சுருங்கியிருக்கும். புலப்படத்தில் மூலைக்கோடு இடம்பெறுவது இதனாலேயே. மனை வாங்குபவர் நாடாவைக் குறுக்கே ஒரு முறை பிடிப்பது, பத்திரத்தை இரண்டு முறை படிப்பதை விடப் பயன் தரும்.

இரண்டாவது, சராசரிப் பெருக்கல் முறை எப்போதும் உண்மைப் பரப்பை விடக் கூடுதலாகவே விடை தரும். செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடை கிடைக்கும். பிழை ஒருபோதும் வாங்குபவர் பக்கம் சாய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வரைவு மென்பொருளில் இத்தகைய மனையை வரையும்போது, முதலில் மூலைவிட்டத்தை நேர்கோடாக இட வேண்டும். பின் அதன் இரு முனைகளையும் மையமாகக் கொண்டு, இரண்டு பக்க நீளங்களை ஆரமாக உடைய வட்டங்களை வரைந்தால், அவை வெட்டும் இடம் மூன்றாவது மூலை. மறுபுறமும் அவ்வாறே செய்தால் நான்காவது மூலை கிடைக்கும். சங்கிலி அளவையர் தாளில் கவராயத்தைக் கொண்டு செய்ததும் இதுவே.

மென்பொருள் கணிக்கும் முறை

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளியானது. ஆர்க்கிகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப், கட்டற்ற மென்பொருள்களான பிரீகேட், லிபிரேகேட் முதலியன இன்று பரவலாகப் பயன்படும் பிற மென்பொருள்கள். திரையில் இவை வேறு வேறாகத் தோன்றினாலும், நேர்கோடுகளால் அடைபட்ட ஓர் உருவத்தின் பரப்பைக் கணிக்கும் அடிப்படைக் கணிதம் ஒன்றே. மூலைகளின் ஆயத்தொலைவுகளை வரிசையாக எழுதி, ஒரு மூலையின் கிழக்குத் தூரத்தை அடுத்த மூலையின் வடக்குத் தூரத்தால் பெருக்கி, அதிலிருந்து அதன் மறுதலைப் பெருக்கலைக் கழித்து, எல்லா மூலைகளுக்கும் கூட்டிப் பாதியாக்குவதே அது. குறுக்குப் பெருக்கல்கள் பின்னலிட்ட கயிறு போல் அமைவதால் இதற்கு ஷூலேஸ் வாய்பாடு என்ற பெயரும் உண்டு. செருமானியக் கணிதவியலாளர் மைஸ்டர் 1769 இல் இதனை விளக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வயலின் தென்மேற்கு மூலையைத் தொடக்கமாகக் கொண்டால், நான்கு மூலைகளும் மீட்டரில் (0, 0), (40, 2), (38, 30), (3, 33) என இருக்கட்டும். முதல் இணையில் 0 × 2 – 40 × 0 = 0. இரண்டாவதில் 40 × 30 – 38 × 2 = 1,124. மூன்றாவதில் 38 × 33 – 3 × 30 = 1,164. கடைசியில் 3 × 0 – 0 × 33 = 0. கூட்டுத்தொகை 2,288, அதில் பாதி 1,144 சதுர மீட்டர். இது 11.44 ஏர், குழிக் கணக்கில் 85½. இதே வயலுக்குப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் ஏறத்தாழ 1,150 சதுர மீட்டர் வரும். வேறுபாடு அரைக் குழி.

இவ்வாய்பாட்டில் மூலைகளின் வரிசை முக்கியம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கடைசி இரு மூலைகளை இடம் மாற்றி உள்ளிட்டால் எல்லைக் கோடு எட்டு வடிவில் தன்னைத் தானே வெட்டிக் கொள்ளும். விடை 75 சதுர மீட்டராகச் சரிந்து விடும். ஒரு பாதியின் பரப்பு கூட்டலாகவும் மறுபாதியின் பரப்பு கழித்தலாகவும் சேர்வதே காரணம். இவ்வளவு பெரிய பிழை கண்ணுக்குத் தப்பாது. பல மூலைகள் கொண்ட எல்லையில் ஒரு மூலை மட்டும் முன்பின்னாக மாறினால் தப்பக் கூடும்.

வளைந்த எல்லைகள் தனிக் கவனத்துக்குரியவை. படுகையில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி போன்ற கிளையாறுகளின் கரையிலும் எண்ணற்ற வாய்க்கால்களின் ஓரத்திலும் உள்ள வயல்களில் ஒரு பக்கமாவது வளைந்தே இருக்கும். 30 மீட்டர் நீளமுள்ள பக்கம் நடுவில் ஒரு மீட்டர் வெளியே புடைத்திருந்தால், நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் இடைப்பட்ட பரப்பு, நீளத்தையும் புடைப்பையும் பெருக்கியதில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 20 சதுர மீட்டர் அல்லது ஒன்றரைக் குழி. வளைவை நேர்கோடாக வரைந்தவர் இதனை இழப்பார், அல்லது அடுத்த வயல்காரர் இழப்பார். வில்லாக வரையப்பட்ட பகுதியை மென்பொருள் சரியாகவே கணிக்கும். வில் என்று சொல்ல வேண்டியது வரைபவர் பொறுப்பு.

கட்டடத்தில் எந்தக் கோடு

வயலின் வரப்பை விடச் சிக்கலானது வீட்டின் சுவர். வரப்புக்கு நடுக்கோடு என்று சொல்லி விடலாம். சுவருக்கு வெளிமுகம், நடுக்கோடு, உள்முகம் என மூன்று கோடுகள் உண்டு. மூன்றும் மூன்று விடைகளைத் தரும்.

வெளி அளவு 30 அடிக்கு 40 அடியும், நான்கு புறமும் 9 அங்குலச் சுவரும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். வெளிமுகத்தின்படி 1,200 சதுர அடி. நடுக்கோட்டின்படி 29.25 × 39.25, அதாவது 1,148 சதுர அடி. உள்முகத்தின்படி 28.5 × 38.5, அதாவது 1,097 சதுர அடி. முதலுக்கும் கடைசிக்கும் 103 சதுர அடி வேறுபாடு. ஒரு சிறிய அறையின் பரப்பு சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. உட்சுவர்கள் இன்னும் கணக்கில் வரவில்லை.

எது சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெளிமுகம் வரை அளந்த பிளிந்த் பரப்பு கட்டுமானச் செலவு மதிப்பிடவும் அனுமதிக்கும் பயன்படும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 3861 என்னும் விதித்தொகுப்பு பிளிந்த், கார்ப்பெட், வாடகைப் பரப்புகளை அளக்கும் முறையைக் கூறுகின்றது. அடுக்குமாடி வீடு விற்பனையில் கார்ப்பெட் பரப்பு என்பதற்கு 2016 ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் தனி வரையறை தருகின்றது. அதன்படி வெளிச்சுவர், குழாய்த் தடங்கள், அவ்வீட்டுக்கே உரிய முகப்பு மாடம், திறந்த மொட்டைமாடி ஆகியவை சேரா. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். வீட்டின் உட்பரப்பு என்று கேட்டவுடன் அறைகளை மட்டும் கூட்டிச் சொல்பவர்கள் இக்கடைசி வரியை மறந்து விடுகின்றனர்.

ரெவிட் போன்ற கட்டடத் தகவல் மாதிரி மென்பொருளில் அறையின் பரப்பைச் சுவரின் பூச்சு முகம் வரையா, நடுக்கோடு வரையா, செங்கல் அடுக்கின் முகம் வரையா, அதன் நடு வரையா கணிப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பு உண்டு. இது திட்டம் முழுவதற்கும் பொதுவானது. ஒருவர் மாற்றி வைத்தால் எல்லா அறைகளின் எண்களும் சத்தமின்றி மாறும். கோடுகளை மட்டும் அறிந்த வரைவு மென்பொருளில் இச்சிக்கல் இல்லை. எந்தக் கோட்டைத் தொட்டோம் என்பது வரைந்தவருக்கே தெரியும்.

தஞ்சைப் பகுதியின் மரபு வீடுகள் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகின்றன. தெருவை ஒட்டித் திண்ணை, அதன்பின் ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னே அடுக்களையும் கொல்லையும் என நீண்டு செல்பவை இவ்வீடுகள். முற்றத்துக்குக் கூரை இல்லை. எனவே அது தளப்பரப்பில் சேராது. ஆனால் வெளிச்சுவரைச் சுற்றி ஒரு மூடிய கோட்டை வரைந்து பரப்புக் கேட்டால் மென்பொருள் முற்றத்தையும் சேர்த்தே சொல்லும். ஆட்டோகேட்டின் பரப்புக் கட்டளையில் கூட்டல், கழித்தல் என இரு நிலைகள் இருப்பது இதற்காகவே. வீட்டைக் கூட்டல் நிலையிலும் முற்றத்தைக் கழித்தல் நிலையிலும் தொட வேண்டும். ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் நீக்கி எழுதிய கல்வெட்டுக் கணக்கர் செய்த அதே செயல். அக்கிரகாரத் தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவர் இருந்தால், இருவரும் வெளிமுகம் வரை அளந்து சுவரை இருமுறை எண்ணி விடுவதுண்டு. அங்கே நடுக்கோடே நியாயமான எல்லை.

வழக்கமான பிழைகள்

முதன்மையான பிழை அலகுப் பிழை. மில்லிமீட்டரில் வரைந்த படத்தில் பரப்பு சதுர மில்லிமீட்டரில் வரும். அதனைச் சதுர மீட்டராக்கப் பத்து இலட்சத்தால் வகுக்க வேண்டும், ஆயிரத்தால் அன்று. அங்குலத்தில் வரைந்த படத்துக்குச் சதுர அங்குலத்தை 144 ஆல் வகுத்தால் சதுர அடி. அந்தச் சதுர அடியை மறுபடியும் 144 ஆல் வகுத்தால் குழி. அடிக்கு 12 அங்குலம், கோலுக்கு 12 அடி என்பதால் நேர்ந்த இந்த எளிமை, மெட்ரிக் முறைக்கு மாறியபின் பலருக்கும் மறந்து போயிற்று.

அடுத்தது மூடாத எல்லை. இறுதிப் புள்ளி தொடக்கப் புள்ளியில் சேராத தொடர்கோட்டுக்கும் ஆட்டோகேட் பரப்புச் சொல்லும். இரு முனைகளையும் ஒரு நேர்கோடு இணைப்பதாகக் கருதிக் கொள்ளும். எச்சரிக்கை வராது. ஒரு பக்கம் முழுதும் வரையாமல் விட்டிருந்தாலும் ஏதோ ஓர் எண் கிடைக்கும். ரெவிட் இவ்விடத்தில் கண்டிப்பானது. சுவர்கள் அடைபடாத அறைக்குப் பரப்புத் தர மறுத்து, முறையாக அடைக்கப்படவில்லை என்று அறிவிக்கும். அறிவிப்பு எரிச்சலூட்டினாலும் அதுவே நல்ல நடத்தை.

மூன்றாவது, படத்தின் மீது கோடு இழுத்து அளப்பது. புலப்படத்தை வருடியால் படமெடுத்து மென்பொருளில் வைத்து அதன்மேல் வரைவோர் பலர். 1:2000 அளவில் உள்ள படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு நிலத்தில் ஒரு மீட்டர் அகலம். கோட்டின் இந்த ஓரமா அந்த ஓரமா என்பதிலேயே 100 மீட்டர் பக்கத்துக்கு 100 சதுர மீட்டர், அதாவது ஏழரைக் குழி, தடுமாறும். படத்தில் எழுதியுள்ள எண்களை உள்ளிட்டு வரைவதே முறை. தாள் சுருங்கும்; எண் சுருங்காது.

நான்காவது பிழை கணினியின் உள்ளே நிகழ்வது. செய்மதி வழி அளந்த ஆயத்தொலைவுகளில் தஞ்சாவூர் நகரம் உலக நிலப்பட வலைத்தொகுதியின் 44 ஆம் மண்டலத்தில், கிழக்கு ஏறத்தாழ 2,96,000 மீட்டரிலும் வடக்கு ஏறத்தாழ 11,93,000 மீட்டரிலும் அமைகின்றது. இவ்வெண்களை அப்படியே பெருக்கினால் 35,000 கோடியைத் தாண்டும். ஒற்றைத் துல்லியத்தில், அதாவது 32 இருமங்களில், எண்ணைச் சேமிக்கும் நிரலில் இவ்வளவு பெரிய எண்களுக்கிடையே இடைவெளி 32,768. ஒரு வேலியை விடப் பெரிது. அந்நிரலில் வயலின் பரப்பு முற்றிலும் காணாமற் போகும். இரட்டைத் துல்லியத்தில் இந்த இடைவெளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் கவலையில்லை. முன்னணி வரைவு மென்பொருள்கள் இதனையே பயன்படுத்துகின்றன. ஆயினும் ரெவிட், வடிவங்கள் தன் உள் தொடக்கப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றது. மனையின் ஒரு மூலையைச் சுழியமாகக் கொண்டு வரைந்தால் இச்சிக்கல் எழாது. நகர்த்துவதால் பரப்பு மாறுவதில்லை.

கடைசியாக முழுமையாக்கல். பத்து அறைகளின் பரப்பை ஒவ்வொன்றாக முழு எண்ணாக்கிக் கூட்டினால் வருவதும், கூட்டியபின் முழு எண்ணாக்கினால் வருவதும் ஒன்றாக இருப்பதில்லை. அட்டவணையில் அறைகள் ஒரு தொகையும் அடிவரி வேறொரு தொகையும் காட்டும்போது, ஒப்புதல் அளிக்கும் அலுவலர் கேள்வி கேட்பது இயல்பே. கணக்கு முடியும் வரை முழு எண்ணைத் தொடாமல் வைத்திருந்து, இறுதி வரியில் மட்டும் முழுமையாக்கி, அவ்வாறு செய்ததை அட்டவணையின் கீழ் குறிப்பிட வேண்டும். பட்டாவில் ஏர் அலகில் குறித்த பரப்பை மாக் கணக்குக்கு மாற்றும்போதும் இதே ஒழுங்கு தேவை. 13.38 என்று முழுமையாக்கிய ஏரைக் கொண்டு இருபது மாவைப் பெருக்கினால் ஒரு வேலியில் நான்கு சதுர மீட்டர் கூடிவிடும்.